பெற்றோருக்குப் பிடிபடாத அறிவியலும் வீட்டுக்கல்வியும்: நீலகிரியை முன்வைத்து

நீலகிரியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் ஆங்காங்கே இருக்கின்றன. நகரத்து வேலையை விட்டு மலையில் குடியேறியவர்கள் ஒரு சாரார். பள்ளிச் சூழல் பிள்ளைக்கு ஒத்துவராமல் மாற்று வழி தேடியவர்கள் மற்றொரு சாரார். மொழிப்பாடங்களும் வரலாறும் கணக்கின் தொடக்கப் பகுதியும் இவர்களுக்குப் பெரிய இடராக அமைவதில்லை. பிள்ளை எட்டாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டி விசை, மோல், மின்தடை என்று நுழையும்போதுதான் தயக்கம் தொடங்குகிறது. “எங்களுக்கே புரியாததை எப்படிச் சொல்லித்தருவது?” என்ற கேள்வியோடு சிலர் பிள்ளையை மீண்டும் பள்ளியில் சேர்க்கிறார்கள், சிலர் டியூஷனில் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்தக் கேள்வியில் பாதி நியாயம்தான் இருக்கிறது. பெற்றோர் விளக்கிச் சொல்ல முடியாததைப் புத்தகமும் காணொளியும் பெரும்பாலும் விளக்கிவிடும். பிள்ளை தவறாகப் புரிந்துகொண்டிருப்பதை யார் கண்டுபிடிப்பது என்பதுதான் மெய்யான இடர். அறிவியலின் எந்தப் பகுதியில் அந்தத் தவறு தானாகவே வெளிப்படும், எந்தப் பகுதியில் வெளிப்படாமல் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் என்பதைப் பிரித்தறிந்தால், பாடம் தெரியாத பெற்றோரும் எங்கே துணிந்து இறங்கலாம், எங்கே வெளியாள் ஒருவரை நாட வேண்டும் என்பது தெளிவாகும்.

முதலில் சட்டமும் தேர்வும் பற்றிச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று தன் 10ஆம் பிரிவில் சொல்கிறது. வீட்டுக்கல்வியை அது பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை, பெற்றோருக்குத் தண்டனை எதையும் விதிக்கவும் இல்லை. வீட்டில் படித்த பிள்ளை பத்தாம் வகுப்புச் சான்று பெற நடைமுறையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எட்டாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றுடன் தமிழ்நாட்டு அரசுத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. மற்றொன்று, 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக எழுதுவது. இரண்டிலும் அறிவியலுக்குச் செய்முறை உண்டு என்பதை இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

தவறு தானாக வெளிப்படும் பகுதிக்கு நீலகிரியில் கிடைப்பதைப் போன்ற எடுத்துக்காட்டு சமவெளியில் கிடைக்காது. தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும் என்று நடுநிலை வகுப்புப் புத்தகத்திலிருந்தே பிள்ளை படித்திருக்கும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆய்வகங்களில் பயன்படுத்தும் வெப்பமானியை விட்டுப் பார்த்தால் அது 92, 93 டிகிரியிலேயே நின்றுவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் ஏறாது. பாடம் தெரியாத பெற்றோருக்கு இந்த இடத்தில் முதலில் தோன்றுவது வெப்பமானி மட்டமானது என்பதே. அப்படிச் சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். அதைச் சொல்லாமல், வெப்பமானி சரியா தவறா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று பிள்ளையிடமே கேட்பதற்கு இயற்பியல் அறிவு எதுவும் வேண்டியதில்லை. உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டியில் அதே வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 0 டிகிரியைக் காட்டும், ஏனெனில் பனிக்கட்டி உருகும் வெப்பநிலையைக் காற்றழுத்தம் அநேகமாக மாற்றுவதில்லை. கருவி கீழ்முனையில் சரியாக இருக்கிறது என்றால், மேல்முனையில் காட்டும் வேறுபாட்டுக்குக் கருவியைத் தவிர வேறு காரணம் இருக்கலாம் என்ற ஐயம் எழுகிறது. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் நாளில் அங்கே ஓர் உறவினர் வீட்டில் இதே சோதனையைச் செய்தால், 99 டிகிரிக்கு அருகில் காட்டும் அதே வெப்பமானி வழக்கை முடித்துவைத்துவிடும்.

காரணம், ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். நீரின் ஆவியழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டும்போது கொதிநிலை வருகிறது. எட்ட வேண்டிய அளவு குறைவாக இருப்பதால் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் உப்பிப்போவதும் இதே காரணத்தால்தான். மலையில் பருப்பு வேகக் கூடுதல் நேரம் ஆகிறது என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தி. பிரஷர் குக்கரிலும்கூட ஏன் ஒரு விசில் கூடுதலாக வைக்கிறோம் என்பதைத்தான் அதிகம் பேர் எண்ணிப் பார்ப்பதில்லை. குக்கரின் வெயிட் உள்ளே ஒரு நிலையான அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலாக ஒரு குறிப்பிட்ட அளவை, பொதுவாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ வீதம், கூட்டிவைக்கிறது. சமவெளியில் அதனால் உள்ளே 120 டிகிரி வரை போகும் வெப்பநிலை, வெளிக்காற்று மெலிந்த ஊட்டியில் 116 டிகிரி அளவில் நின்றுவிடுகிறது. இந்த நாலு டிகிரிதான் கூடுதல் விசில். ஒன்பதாம் வகுப்பு அளவில் அழுத்தம் பற்றிப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு எந்த வழிகாட்டி நூலிலும் இருக்காது.

அளவிடல், வெப்பம், ஒளி, எளிய மின்சுற்று ஆகியவை பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. குவிலென்சின் குவியத் தொலைவைப் பிள்ளை தவறாகக் கணக்கிட்டால், எதிர்மலையின் பிம்பம் அந்தத் தொலைவில் வைத்த காகிதத்தில் தெளிவாக விழாது. சுற்றைத் தவறாக இணைத்தால் விளக்கு எரியாது. பொருளே திருத்திவிடும் இடத்தில் பெற்றோர் திருத்த வேண்டியதில்லை. பிள்ளை முடிவை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுத்தான் சோதனையைத் தொடங்க வேண்டும் என்ற ஒரே ஒழுங்கை விடாப்பிடியாகக் காத்தால் போதும். முன்கூட்டி எழுதாத பிள்ளை, எது வந்தாலும் “இதைத்தான் நினைத்தேன்” என்றுவிடும். பெரியவர்களும் அப்படித்தான்.

இனி, தவறு தானாக வெளிப்படாத பகுதி. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்திலும் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் உறைபனி விழுந்து புல்வெளி வெண்மையாகக் கிடக்கிறது. குளிர்காலம் ஏன் வருகிறது என்று அந்த வேளையில் வீட்டில் யாரிடம் கேட்டாலும், பூமி சூரியனை விட்டுத் தள்ளிப்போவதால் என்ற விடை வருவதற்கு வாய்ப்பு மிகுதி. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில், இருப்பது ஜனவரித் தொடக்கத்தில்தான்; மிகத் தொலைவில், 15.2 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சுச் சாய்வு. நீலகிரியின் உறைபனிக்கோ அதற்கும் மேலாக உள்ளூர்க் காரணங்கள் சில உண்டு: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வானம் தெளிந்து காற்று உலர்ந்துவிடுவதால் நிலம் தன் வெப்பத்தை இரவு முழுதும் தடையின்றி வெளியே இழக்கிறது, குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. தாழ்வான இடத்துத் தேயிலை கருகியும் அதே தோட்டத்தின் மேட்டுப்பகுதி பச்சையாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இங்கே கவனிக்க வேண்டியது, தவறான விளக்கத்தோடே பிள்ளை நிம்மதியாக வாழ்ந்துவிட முடியும் என்பதுதான். குளிர் அடிக்கிறது, தொலைவு என்ற காரணம் பொருந்துவதுபோல் இருக்கிறது, அப்பாவும் அம்மாவும் அதையே நம்புகிறார்கள். வீட்டில் எல்லோரும் ஒத்துப்போகிற விடையை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பள்ளியிலாவது நாற்பது பேரில் ஒருவர் மாற்றிச் சொல்லும் வாய்ப்பு உண்டு. வீட்டுக்கல்வியின் உண்மையான பலவீனம் இந்த ஒத்திசைவுதான் என்பது என் கருத்து. அதை உடைக்க, விளக்கத்திலிருந்து இன்னொரு விளைவைக் கறந்தெடுக்கும் கேள்வி ஒன்று வேண்டும். தொலைவுதான் காரணம் என்றால், உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் குளிர்காலமாக இருக்க வேண்டும். ஆனால் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆஸ்திரேலியாவில் கோடைக்காலம் என்பதைக் கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சாய்வு பற்றிய பாடம் முடிந்தபின், பிள்ளைக்கு உண்மையிலேயே புரிந்ததா என்று பார்க்க, ஊட்டிக்கு அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி உதவும். கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்து 1970இல் இயங்கத் தொடங்கிய அந்தக் கருவி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 11 டிகிரி சரிந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்து அதன்மேல் அமைத்தார்கள். சமதளமாக இடம் இருக்கும்போது சரிவு எதற்கு என்பதே கேள்வி. அந்த இடத்தின் அட்சரேகையும் 11 டிகிரிதான். ஆகவே கருவியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடுகிறது, அதை ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு விண்பொருளைப் பல மணி நேரம் பின்தொடர முடிகிறது. மனப்பாடம் செய்த பிள்ளையால் இதை வரைந்து காட்ட முடியாது. புரிந்துகொண்ட பிள்ளை சிறிது தடுமாறியாவது வரைந்துவிடும்.

விசையும் இயக்கமும் இதைவிடக் கடினமான இடம். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கிலோமீட்டர் ஓடும் மலை ரயில் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை, ஏறத்தாழ 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் செங்குத்தான பகுதியில், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான உராய்வை மட்டும் நம்ப முடியாதென்பதால் நடுவில் பற்சட்டம் பதித்திருக்கிறார்கள். அந்த ரயில் மாறாத வேகத்தில் நேராக ஏறிக்கொண்டிருக்கும்போது, மேல்நோக்கி இழுக்கும் விசை பெரியதா, கீழ்நோக்கி இழுக்கும் விசைகளின் கூட்டுத்தொகை பெரியதா என்று கேட்டால், மேல்நோக்கிய விசைதான் பெரியது என்று பிள்ளையும் சொல்லும், பெரும்பாலும் பெற்றோரும் சொல்வார்கள். இரண்டும் சமம் என்பதே சரியான விடை. வேகம் மாறாத இடத்தில் நிகர விசை சுழியம். நகர்வதற்கு ஓயாமல் விசை வேண்டும் என்பது அரிஸ்டாட்டில் காலத்து நம்பிக்கை. 1687இல் நியூட்டனின் விதிகள் வெளிவந்தபின்னும் அன்றாட அனுபவம் அதையே ஊட்டிக்கொண்டிருக்கிறது, ஏனெனில் உராய்வு இல்லாத இடத்தை நாம் பார்த்ததே இல்லை. நியூட்டனின் மூன்று விதிகளையும் பிழையில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளையும் இந்த ஒரு கேள்வியில் வழுக்கும். வீட்டில் செய்யும் எந்தச் சோதனையும் இதை எளிதில் திருத்திவிடாது. இங்கே வெளியாள் ஒருவர் வேண்டும். அவர் வரும்வரை, ஒவ்வொரு கணக்குக்கும் விசைகளை அம்புக்குறிகளாக வரைந்து வைக்கச் சொல்லலாம். அம்புகளைப் பார்த்தால் பாடம் தெரிந்தவருக்குத் தவறு ஒரு நொடியில் புலப்பட்டுவிடும்.

இதே ரயிலைக் கொண்டு, பெற்றோர் அஞ்சாமல் செய்யக்கூடிய கணக்கும் ஒன்று உண்டு. ஒரு கிலோ எடையை 1,877 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 18,400 ஜூல். அதே ஆற்றலைக் கொண்டு ஒரு லிட்டர் தண்ணீரைச் சூடாக்கினால் அதன் வெப்பநிலை 4.4 டிகிரிதான் உயரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை தூக்கிவந்த உழைப்பும் தண்ணீரை இலேசாக வெதுவெதுப்பாக்குவதும் சமம் என்று பார்க்கும்போது விடை தவறோ என்று தோன்றும். அலகுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால் தவறில்லை என்று தெரியும். அலகைச் சரிபார்ப்பது, விடையின் பருமன் ஏற்கத்தக்கதா என்று பார்ப்பது ஆகிய இரண்டுக்கும் பொறுமைதான் வேண்டும், பட்டம் வேண்டியதில்லை.

இயற்பியலையும் வேதியியலையும் கண்டு அஞ்சும் பெற்றோர் உயிரியலை இலகுவாக எடுத்துக்கொள்கிறார்கள். படித்து ஒப்பித்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஓசைப்படாமல் கோட்டை விடும் பாடம் அதுதான். வீட்டுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் சீகை அல்லது கற்பூர மரக் கட்டையைக் காட்டி, இந்த எடையெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைத் தவறில்லாமல் எழுதும் பிள்ளையும் மண்ணிலிருந்து என்றே சொல்லக்கூடும். 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் ஒரு தொட்டியில் வில்லோ மரக்கன்றை நட்டு ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார்; மரம் 160 பவுண்டுக்கும் மேல் எடை கூடியது, மண்ணில் குறைந்ததோ சில அவுன்ஸ்தான். எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவுகட்டினார். அதுவும் பாதிதான் சரி; கட்டையிலுள்ள கார்பன் காற்றில் 0.04 விழுக்காடு அளவே உள்ள கார்பன் டைஆக்சைடிலிருந்து வருகிறது. நல்ல சோதனையிலிருந்தும் தவறான முடிவுக்குப் போகலாம் என்று பிள்ளைக்குக் காட்ட இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியாது.

பரிணாமம் இன்னொரு வழுக்குப்பாறை. நீலகிரியிலும் பழனி மலையிலும் 2006இலும் 2018இலும் பூத்த குறிஞ்சியைப் பற்றி எழுதச் சொன்னால், விதைகளைக் காத்துக்கொள்வதற்காகச் செடி பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க முடிவு செய்தது என்ற தொனியில்தான் பிள்ளை எழுதும். செடி முடிவு செய்வதில்லை; மாறுபாடுகளில் எது அதிக வழித்தோன்றல்களை விட்டுச்செல்கிறதோ அது நிலைக்கிறது. “அதற்காக” என்று வரும் ஒவ்வொரு வரியையும் அடிக்கோடிட்டு, அந்தச் சொல் இல்லாமல் திருப்பி எழுதச் சொல்வது பாடம் தெரியாத பெற்றோராலும் செய்யக்கூடிய வேலை.

தவறு தானாக வெளிப்படும் பகுதி, வெளிப்படாத பகுதி ஆகிய இரண்டுக்கும் நடுவே வேதியியல் நிற்கிறது. நிறமும் வாயுவும் வெப்பமும் கண்ணுக்குத் தெரிபவை. ஊட்டி, குன்னூர் வீட்டு வாசல்களில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதற்கு மண்ணின் அமிலத்தன்மைதான் காரணம்; அமில மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குக் கிடைக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் டோலமைட் சுண்ணாம்பு இடுவது அதே அமிலத்தன்மையைக் கட்டுக்குள் வைப்பதற்காகத்தான். பால் சேர்க்காத கட்டஞ்சாயாவில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் நிறம் வெளுப்பதும் நிறங்காட்டிப் பாடமே. கணக்கில் இறங்கும்போதுதான் சிக்கல். மோல் என்பது 6.022-ஐ 10-இன் 23ஆம் அடுக்கால் பெருக்கிவரும் எண்ணிக்கை. டஜன் என்றால் பன்னிரண்டு என்பதைப்போல அது ஓர் எண்ணிக்கைப் பெயர்தான். இதை எடை என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளை அதன்பின் வரும் எல்லாக் கணக்கையும் சூத்திரத்தில் எண்களைப் போட்டே தள்ளும். விடையும் பல நேரம் சரியாக வந்துவிடுவதால் தவறு வெளியே தெரியாது.

இதை வெளிக்கொணர ஒரு சோதனை உண்டு. 8.4 கிராம் ஆப்ப சோடா என்பது 0.1 மோல். அதை முழுவதும் வினைபுரியவைக்க 6 கிராம் அசிட்டிக் அமிலம், அதாவது 4 விழுக்காடு வினிகரில் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் வேண்டும். வெளிவரும் வாயுவும் 0.1 மோல். ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் என்று புத்தகம் சொல்வதால் 2.24 லிட்டர் என்று பிள்ளை எழுதிவைக்கும். அந்த எண் 0 டிகிரியிலும் கடல் மட்ட அழுத்தத்திலும் மட்டுமே செல்லும். ஊட்டியின் மெலிந்த காற்றில், 15 டிகிரியில், அதே வாயு ஏறத்தாழ 3.1 லிட்டர் இடம் கொள்ளும். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் தண்ணீர் நிரப்பி வாளியில் கவிழ்த்து, குழாய் வழியே வாயுவைச் சேகரித்து அளந்தால் 3.1 லிட்டரை விடக் குறைவாகக் கிடைக்கும், ஏனெனில் ஒரு பங்கு தண்ணீரில் கரைந்துவிடுகிறது. இந்த மூன்று எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பிள்ளை வாய்விட்டு விளக்கிவிட்டால் மோல் பற்றிய பாடம் முடிந்தது என்று கொள்ளலாம். வினை நடக்கும் பாத்திரத்தை எந்நிலையிலும் இறுக மூடக் கூடாது. அடர் அமிலங்களை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

அறிவியல் கடினம் என்று வரும் முறையீட்டில் கணிசமான பங்கு உண்மையில் கணக்கைச் சேர்ந்தது. விகிதம், அடுக்குக்குறி, சமன்பாட்டில் ஓர் உறுப்பை ஒருபக்கமாகப் பிரித்தெடுப்பது ஆகிய மூன்றும் கைவராத பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் மந்திரமாகத்தான் தெரியும். அத்தகைய நேரத்தில் இயற்பியலுக்கு டியூஷன் தேடுவதைவிட, அதைச் சில வாரங்கள் ஒதுக்கிவைத்துவிட்டு எட்டாம் வகுப்புக் கணக்கைத் திரும்பப் பார்ப்பது சிறந்தது. கால அட்டவணைக்குக் கட்டுப்படாத வீட்டுக்கல்விக்கு இந்தச் சுதந்திரம் உண்டு. அதைப் பயன்படுத்தாமல் பள்ளியின் வேகத்தோடு போட்டி போடுவது வீண்.

வெளியாள் என்றதும் வாரம் ஐந்து நாள் வந்து பாடம் நடத்துபவரையே பெற்றோர் தேடுகிறார்கள். மலையில் அது எளிதும் இல்லை, மேலே சொன்ன காரணங்களால் தேவையும் இல்லை. பணி ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவரோ, இயற்பியலோ வேதியியலோ படிக்கும் கல்லூரி மாணவர் ஒருவரோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். ஆனால் வந்தவர் நடத்தக் கூடாது, கேட்க வேண்டும். பிள்ளை தான் படித்ததைப் பலகையில் வரைந்து விளக்க, அவர் குறுக்கிட்டுக் கேள்வி கேட்க, பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கேள்விகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓராண்டில் அந்தக் குறிப்பேடு எந்த வழிகாட்டி நூலையும்விடப் பயன் தரும். கேட்கும் பொறுமை இல்லாத ஆசிரியர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகமாட்டார். காணொளிகளுக்கும் இதே வரம்புதான்: அவை விளக்கும், பிள்ளை சொல்வதைக் கேட்காது. தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால், மழைக்காலத்தில் மலையில் இணைப்பு அறுந்துபோகும் நாட்களுக்கென முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்வது நல்லது.

பத்தாம் வகுப்பை மாநிலத் தேர்வாக எழுத எண்ணும் குடும்பங்கள் செய்முறையைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிவைக்கக் கூடாது. அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 25 மதிப்பெண் செய்முறைக்கு. நேரடித் தனித்தேர்வர்கள் மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகச் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குத் தனியே பெயர் பதிந்து, ஒதுக்கப்படும் பள்ளியில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அறிவிப்பு வெளியாகும் நாளைத் தவறவிட்டு, தேர்வு விண்ணப்பத்தின்போது விழிப்பவர்கள் உண்டு. திருப்புத்திறன் தத்துவத்தைக் கொண்டு எடை காண்பது, குவிலென்சின் குவியத் தொலைவு காண்பது, வெப்ப உமிழ்வினையையும் வெப்பக்கொள்வினையையும் இனங்காண்பது போன்றவற்றை ஓர் அளவுகோல், லென்சு, வெப்பமானி ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே பழகிவிடலாம். மின்தடை எண் காணும் சோதனைக்கு அம்மீட்டர், வோல்ட்மீட்டர், திருகு அளவி எல்லாம் வேண்டும். பயிற்சி வகுப்பில் கிடைக்கும் நேரத்தை அந்தச் சோதனைக்கென்று ஒதுக்கிவைத்துக்கொண்டு, மற்றவற்றில் வீட்டில் எடுத்த அளவீடுகளைப் பதிவேட்டில் எழுதிக் கையோடு கொண்டுபோய், பயிற்சி தரும் ஆசிரியரிடம் திருத்தச் சொல்லிக் கேட்கலாம்.